பதினாறு வயதில் ஒரு முதுமைப் பயம்

நியூசிலாந்துப் பாடகி லார்டின் ‘ரிப்ஸ்’ பாட்டில் பார்ட்டி நடந்துகொண்டிருக்கும்போதே பிரிவு வந்து வாசலில் நிற்கிறது

அப்பா, அம்மா ஊரில் இல்லை. வீடு பிள்ளைகள் கையில். நண்பர்கள் திரண்டு வந்துவிட்டார்கள். ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். யாரோ கைதவறிக் கிளாஸில் இருந்ததை அவள்மேல் கொட்டிவிடுகிறார்கள். நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரத்தில், பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண் தன் வீட்டில் வைத்த பார்ட்டி இது. வேறு யாருக்காவது வாய்த்திருந்தால், சொல்லிச் சொல்லிச் சிரிக்க ஒரு கதை கிடைத்திருக்கும். இவளுக்கு உறைத்தது வேறு: நமக்கு வயதாகிறது.

அந்தப் பெண்தான் பாடகி லார்ட். அந்தப் பார்ட்டியிலிருந்து பிறந்த பாட்டு ‘ரிப்ஸ்’. 2013 செப்டம்பர் 27 அன்று வெளிவந்த ‘ப்யூர் ஹீரோயின்’ ஆல்பத்தில் நான்காவதாக வருகிறது. நான்கேகால் நிமிடம் ஓடும். அப்போது லார்டுக்குப் பதினேழாவது பிறந்தநாள் வர இன்னும் ஆறு வாரம் இருந்தது.

அந்த ஆல்பத்திலிருந்து உலகமெல்லாம் ஓடிய பாட்டு ‘ராயல்ஸ்’. பில்போர்டு பட்டியலில் ஒன்பது வாரம் முதலிடம், அடுத்த ஜனவரியில் இரண்டு கிராமி விருது என்று அதன் கதையே தனி. ‘ரிப்ஸ்’ அப்படியொரு ஓட்டம் ஓடவில்லை. ஆனால் பள்ளி முடிகிற நாளில், விடுதி அறையைக் காலி செய்கிற நாளில், இருபதாவது பிறந்தநாளுக்கு முந்தைய ராத்திரியில் பிள்ளைகள் எடுத்துப் போடும் வீடியோக்களின் பின்னணியில், பத்து வருஷம் கழிந்த பிறகும் கேட்டுக்கொண்டிருப்பது இதுதான். வெற்றிப் பாட்டு ஒன்று, வாழ்ந்த பாட்டு வேறொன்று. ஆல்பங்களில் இது அடிக்கடி நடப்பதுதான்.

பாட்டின் கதை சின்னது. பார்ட்டி. அப்புறம் நள்ளிரவுத் தெருக்களில் கூட்டமாகச் சுற்றுவது. அத்தனை பேர் கூட இருந்தும் இதுவரை தெரியாத ஒரு தனிமை. கடைசியில் ஒரே ஒரு நட்பிடம் ஒரு கெஞ்சல்: சின்னப் பிள்ளைகள் மாதிரி ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு, விலா எலும்பு இறுகிப்போகிற அளவுக்குச் சிரிக்க வேண்டும். அதுவும் போதாது என்று அவளே அடுத்த மூச்சில் சொல்லிவிடுகிறாள். தலைப்பில் இருக்கும் விலா எலும்பு இந்தச் சிரிப்பிலிருந்து வந்ததுதான்.

இதில் வேலை இல்லை, வாடகை இல்லை, நரை இல்லை, சாவு இல்லை. வளர்வதைப் பற்றிய பாட்டு என்றால் வழக்கமாக நாம் எதிர்பார்க்கிற சாமான்கள் எதுவும் இல்லை. 2015-இல் ட்வென்டி ஒன் பைலட்ஸ் என்ற அமெரிக்க இரட்டையர் ‘ஸ்ட்ரெஸ்டு அவுட்’ என்று ஒரு பாட்டுப் போட்டார்கள். வீடியோவில் வளர்ந்த இரண்டு ஆண்கள் பெரிய மூன்று சக்கர சைக்கிள்களை மிதித்துக்கொண்டு போவார்கள். கல்விக் கடன், சம்பாதிக்கச் சொல்லி விரட்டும் உலகம், அம்மாவின் தாலாட்டு போன துக்கம் எல்லாம் அதில் உண்டு. எனக்கு அந்தப் பாட்டும் பிடிக்கும். ஆனால் அது ஒரு புகார் மனு. உலகம் என்னிடம் இவ்வளவு கேட்கிறதே என்கிற புகார். ‘ரிப்ஸ்’ பெண்ணிடம் உலகம் இன்னும் எதையும் கேட்கவில்லை. அவளுடைய கவலையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றியது. இந்தக் கூட்டம் இதே மாதிரி இன்னொரு முறை கூடாது. வளர்வது என்றால் அவளுக்கு அர்த்தம் பிரிவதுதான்.

இதை வரிகளை வைத்து மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். மீதியை ஓசை சொல்கிறது.

ஆரம்பத்தில் கொஞ்ச நேரத்துக்குத் தாளமே கிடையாது. நீண்ட ஒரு முனகல் மட்டும் எழும்பி, அலைந்து, அடங்குகிறது. முதல் தடவை கேட்பவர்கள் ஏதோ கீபோர்டு என்று நினைப்பார்கள். கூர்ந்து கேட்டால் உள்ளே மனிதக் குரல்கள். பிறகு தாளம் வருகிறது. அதுவும் ஆர்ப்பாட்டமாக வராது; கதவு சாத்திய பக்கத்து அறையில் பாட்டு ஓடினால் நமக்கு அடி மட்டும் கேட்குமே, அப்படி. பார்ட்டிக்கு நடுவில் எழுந்து வந்து தனியாக நிற்பவள் காதில் என்ன விழுமோ அதுதான் நம் காதிலும் விழுகிறது. அந்த அடி கடைசிவரை கிட்டத்தட்ட ஒரே சீராகப் போகும். டான்ஸ் கிளப்புகளில் ஓடும் ஹவுஸ் இசைக்குரிய வேகம், ஆடவைக்கிற வேகம். மேலே ஒருத்தி பயத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கீழே தாளம் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாமல் நடந்துகொண்டிருக்கிறது. நில் என்றால் காலம் நிற்காது என்பதை ஒரு ட்ரம் அடி இவ்வளவு கச்சிதமாகச் சொல்லி நான் அதிகம் கேட்டதில்லை.

பாப் பாட்டில் நாம் காத்திருக்கும் இடம் கோரஸ். வெடித்துக் கிளம்பி, எல்லோரையும் சேர்த்துப் பாடவைக்கும் இடம். ‘ரிப்ஸ்’ அந்த இடத்தை நமக்குத் தருவதே இல்லை. ஏறுகிறது, இப்போது வெடிக்கப்போகிறது என்று தோன்றுகிறது, மறுபடி பார்ட்டியின் முதல் காட்சிக்கே போய்விடுகிறது. அதே கிளாஸ், அதே கொட்டல். கடைசிப் பகுதிக்கு வந்ததும் சொற்கள் சின்னச் சின்னதாகி, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு ஓடுகின்றன. வண்டி கிளம்பிவிட்ட பிறகு ஜன்னல் வழியாகச் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடிக்கப் பார்ப்பவளின் அவசரம் அதில் இருக்கிறது.

குரல்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பாட்டு முழுக்கக் கூட்டுக்குரல்கள் கேட்கின்றன. நண்பர்கள் கூட்டம் சேர்ந்து பாடுவதாக ஒரு பிரமை. அத்தனையும் லார்டின் ஒரே குரல்தான். அடுக்கடுக்காகப் பதிவுசெய்து சேர்த்திருக்கிறார்கள். நட்புக் கூட்டம் கலைந்துவிடுமே என்று கலங்குகிற பாட்டில், கூட்டமாகக் கேட்பதே அவள் ஒருத்திதான். இதைத் திட்டமிட்டுச் செய்தார்களா, அந்த ஆல்பம் முழுக்க இருக்கும் பாணி இங்கே தற்செயலாகப் பொருந்திக்கொண்டதா என்று கேட்டால், எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஒலிப்பதிவு நடந்தது ஆக்லாந்தின் மார்னிங்சைடு பகுதியில் இருந்த கோல்டன் ஏஜ் ஸ்டுடியோவில். உடன் எழுதித் தயாரித்தவர் ஜோயல் லிட்டில். அதற்கு முன் குட்நைட் நர்ஸ் என்ற பாப் பங்க் இசைக்குழுவில் பாடிக்கொண்டிருந்தவர். அப்போது அவருக்கு முப்பதை ஒட்டிய வயது. பள்ளி விடுமுறைகளில் வந்து பாடிவிட்டுப் போகும் பெண்ணுக்கும் அவருக்கும் நடுவே ஏறக்குறைய பதினான்கு வருஷ இடைவெளி. அந்தப் பெண் எதைக் கண்டு பயந்தாளோ அந்தக் கரையில் ஏற்கெனவே போய் நின்றுகொண்டிருந்தவர்தான் அவளுக்குத் தாளம் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

பார்ட்டியில் திரும்பத் திரும்ப ஓடியதாகப் பாட்டிலேயே பெயர் சொல்லி வருவது ‘லவர்ஸ் ஸ்பிட்’. டொரன்டோவின் ப்ரோக்கன் சோஷியல் சீன் குழு 2002-இல் போட்டது. அது வந்தபோது லார்டுக்கு ஆறு வயது நிரம்பியிருந்தால் அதிகம். அதாவது இந்தப் பிள்ளைகள் தங்களைவிட வெகுவாக மூத்தவர்களின் பாட்டைப் போட்டுக்கொண்டு ராத்திரியைக் கழித்திருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், நமக்கு வயதாகும் நேரம் வந்துவிட்டது என்ற பேச்சு அந்தப் பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. கேட்கிற பாட்டிலிருந்தே பயம் தொற்றியிருக்கவும் கூடும்.

அவள் வளர்ந்த டெவன்போர்ட்டைப் பற்றியும் கொஞ்சம். ஆக்லாந்து துறைமுகத்துக்கு எதிர்க்கரையில் இருக்கும் புறநகர். படகேறினால் பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் நகர மையம். பழைய மரவீடுகள், ஒரு கடற்படைத் தளம், அணைந்துபோன எரிமலைக் குன்றுகள். அம்மா சோன்யா யெலிச் கவிஞர். அப்பா சிவில் என்ஜினியர். 2009-இல் பள்ளித் திறமைப் போட்டியில் பாடியபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. அந்த வீடியோ யுனிவர்சல் நிறுவனத்தின் கைக்குப் போய், ஒப்பந்தம் ஆனது. முதலில் பழைய சோல் பாட்டுகளைப் பாடவைக்கலாம் என்றுதான் அங்கே யோசித்தார்கள். நானே எழுதுகிறேன் என்று நின்றவள் அவள்தான். இந்த விவரம் ‘ரிப்ஸ்’ பாட்டுக்கு முக்கியம் என்று நினைக்கிறேன். மற்றப் பிள்ளைகளுக்குப் பள்ளி முடிந்த பிறகுதான் பெரியவர் உலகம். இவளுக்கு அது ஏழாம் எட்டாம் வகுப்பிலேயே ஒப்பந்தத் தாளாக வந்துவிட்டது. கூட இருந்த தோழர்கள் இன்னும் பிள்ளைகளாக இருக்கும்போதே இவள் ஒரு கால் எடுத்து வெளியே வைத்தாயிற்று. கூட்டத்துக்குள் நின்றுகொண்டே கூட்டத்தைப் பிரிவு உபசார விழாவில் பார்க்கிற மாதிரி பார்ப்பது அவளுக்குச் சுலபம்.

இளமை போனதே என்று பாடுவது நம் மரபில் கிழவர்களின் உரிமை. புறநானூற்றின் 243-ஆம் பாட்டைப் பாடிய தொடித்தலை விழுத்தண்டினார் கையில் பூண் போட்ட தடியும், பேச்சுக்கு இடையே வரும் இருமலுமாக உட்கார்ந்துதான், மருத மரக்கிளையில் ஏறி ஆழ்மடுவில் குதித்து அடிமணலை அள்ளி வந்த நாளை நினைக்கிறார். அவரும் தனியாகக் குதிக்கவில்லை. கள்ளம் தெரியாத தோழர்கள் கூட இருந்தார்கள்; பொய்கையில் கைகோத்து ஆடிய பெண்கள் இருந்தார்கள். அவர் இழந்ததும் இவள் இழக்கப்போவதும் ஒரே வகைச் சொத்துதான். ஆனால் அவர் அழுவது எல்லாம் போன பிறகு. இவள் இன்னும் தண்ணீரைவிட்டு ஏறவே இல்லை.

பாப் இசையிலும் இந்தப் பயத்துக்கு ஒரு வம்சாவளி உண்டு. 1964 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் பீச் பாய்ஸ் ‘வென் ஐ க்ரோ அப்’ பாட்டை வெளியிட்டார்கள். கடல், கார், காதல் என்று பாடிப் பேர்வாங்கியிருந்த குழு. இருபத்திரண்டு வயது ப்ரையன் வில்சன் அதில் திடீரென்று கேட்கிறார்: இப்போது பிடிப்பதெல்லாம் அப்போதும் பிடிக்குமா, என் பிள்ளைகள் என்னைப் பழைய பஞ்சாங்கம் என்று நினைப்பார்களா? பின்னணிக் குரல்கள் இடையிடையே பதினான்கு, பதினைந்து என்று வயதை எண்ணத் தொடங்குகின்றன. எண்ணிக்கை முப்பதை எட்டுகிற வாக்கில் பாட்டு தேய்ந்து மறைந்துவிடும். முப்பதுக்கு மேல் எண்ணுவதற்கு என்ன இருக்கிறது என்று அந்தக் காலத்துப் பாப் உலகம் நினைத்திருக்கலாம்.

அதே வருஷம் நவம்பர் 12. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில், ஃபோர்ட் வில்லியம் என்ற ஊரின் ஹோட்டல் அறையில் நீல் யங் தன் பத்தொன்பதாவது பிறந்தநாளன்று ‘சுகர் மவுன்டன்’ எழுதினார். பலூனும் பொருட்காட்சியுமாக இருக்கும் அந்த மலையில் இருபது வயதானவர்களுக்கு இடமில்லை. அவருடைய தோழி ஜோனி மிட்செல் பிற்பாடு மேடைகளில் இதற்கு ஒரு பின்கதை சொல்வார். இளைஞர்களுக்கென்றே இருந்த ஒரு க்ளப். வயது தாண்டினால் உள்ளே விடமாட்டார்கள். நண்பர்கள் எல்லாம் உள்ளே இருப்பார்கள், நாம் வெளியே நிற்க வேண்டும் என்ற வருத்தம் யங்குக்கு. அங்கேயும் பார்த்தால், பயம் வயதைப் பற்றியதைவிடக் கூட்டாளிகளைப் பற்றியது. அவரைத் தேற்றவே மிட்செல் ‘தி சர்க்கிள் கேம்’ எழுதினார். ராட்டினம் சுற்றுகிறது, நாம் இறங்க முடியாது, திரும்பிப் பார்க்கலாம், திரும்பிப் போக முடியாது, ஆனாலும் புதுக் கனவுகள் வரும் என்பது அதன் சாரம். அழகான பாட்டு. ஆனால் பயந்தவனைவிடத் தேற்றுபவரின் குரல் எப்போதும் கொஞ்சம் மூத்ததாகத்தான் கேட்கிறது.

வில்சனுக்கு இருபத்திரண்டு, யங்குக்குப் பத்தொன்பது, லார்டுக்குப் பதினாறு. பயப்படும் வயது இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. மூன்று பாட்டை வைத்துக்கொண்டு சமூகவியல் பேசக்கூடாதுதான். ஆனால் கையில் போனோடு வளர்ந்த தலைமுறைக்கு ஒரு பார்ட்டி நடக்கும்போதே அதன் புகைப்படம் நினைவுப் பொருளாகிவிடுகிறது என்பதை மறுப்பது கடினம். நேற்று ராத்திரி என்பதை இன்று காலையிலேயே விரல் தள்ளித் தள்ளிப் பார்க்கிறார்கள்.

உளவியலில் இந்த மனநிலையை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். நியூயார்க் மாநிலத்தின் லெ மோயின் கல்லூரியைச் சேர்ந்த க்ரிஸ்டின் பாட்சோ, பழைய நினைவில் மூழ்கும் ஏக்கத்தையும், கையில் இருப்பது போகுமுன்பே அதற்காக ஏங்குவதையும் பிரித்துப் பார்த்தார். முதல் வகை பெரும்பாலும் மனத்துக்கு இதமானது. இரண்டாவது, சோகத்தோடும் கவலையோடும் சேர்ந்தே வருகிறது. ‘ரிப்ஸ்’ கேட்கும்போது வயிற்றுக்குள் ஏதோ பிசைவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். மேலுக்கு அது பழைய நினைவுப் பாட்டு மாதிரி இருக்கிறது. உள்ளே இருப்பது இன்னும் நடக்காத இழப்பு.

இதற்கு நடுவே ஒரு கூத்தும் நடந்தது. வயதாகிறதே என்று கலங்கிய இந்தப் பெண்ணைப் பார்த்து, இவள் பதினாறு வயதுக்காரியே இல்லை என்று இணையத்தில் ஒரு கூட்டம் கிளம்பியது. பேச்சும் எழுத்தும் அவ்வளவு முதிர்ச்சியாம். 2014-இல் ஓர் அமெரிக்க இணைய இதழ், நியூசிலாந்து அரசிடமிருந்து அவருடைய பிறப்புச் சான்றிதழையே வரவழைத்துப் பார்த்து 1996 தான் என்று எழுதியது. ‘சவுத் பார்க்’ கார்ட்டூன் தொடர் அதோடு விடவில்லை. லார்ட் என்பது உண்மையில் விக் வைத்த 45 வயது நிலவியல் அறிஞர் ஒருவர்தான் என்று கதை கட்டியது. சின்னப் பெண் வளர்வதைப் பற்றி யோசித்துவிட்டால் அவளைச் சின்னப் பெண்ணாக ஏற்றுக்கொள்ள நமக்கு மனம் வருவதில்லை. யோசனை பெரியவர்களின் சொத்து என்ற எண்ணம் அவ்வளவு ஊறியிருக்கிறது.

பாட்டு எழுதியவளும் வளர்ந்துதானே ஆக வேண்டும். 2016 நவம்பரில் இருபது வயது ஆகும் தறுவாயில், ரசிகர்களுக்கு அவர் ஒரு நீண்ட குறிப்பு எழுதினார். முதல் ஆல்பம் தங்கள் பதின்பருவத்தை அழியாமல் காப்பாற்றி வைப்பதற்காக எழுதியது, இனி வரப்போவது அதற்கு அடுத்த கட்டம் என்பது அதன் பொருள். அடுத்த ஆண்டு வந்த ‘மெலோட்ராமா’ ஆல்பமும் ஒரு வீட்டுப் பார்ட்டியின் ஒரே ராத்திரியைச் சுற்றித்தான் பின்னப்பட்டிருந்தது. அதில் காதல் முறிவு இருக்கிறது, போதை இருக்கிறது, விடிந்த பிறகான வெறுமை இருக்கிறது. ‘ரிப்ஸ்’ பாட்டில் இருந்த அந்த நடுக்கம் மட்டும் இல்லை. பயந்தது நடந்து முடிந்தவருக்கு அந்தப் பயம் மிச்சமிருக்காது.

2021-இல் ‘சோலார் பவர்’ ஆல்பத்தில் இரண்டு பாட்டுகள் பழைய கணக்கைத் தீர்க்கப் பார்க்கின்றன. ஒன்று ‘ஸ்டோன்டு அட் த நெயில் சலூன்’. பதினாறு வயதில் நேசித்த இசையெல்லாம் ஒருநாள் உனக்குச் சின்னதாகிவிடும் என்று அதில் சொல்கிறார். மற்றது ‘சீக்ரெட்ஸ் ஃப்ரம் எ கேர்ள்’. ‘ரிப்ஸ்’ பாட்டின் சுரக்கூட்டுகளையே (கார்டு) தலைகீழாகத் திருப்பிப் போட்டு எழுதியதாக அவரே சொன்ன பாட்டு. பதினாறு வயது லார்டைப் பக்கத்தில் உட்காரவைத்து, பயப்படாதே, எல்லாம் சரியாகும் என்கிறது. யோசனை நன்றாகத்தான் இருக்கிறது. கிடாரில் வெயில் அடிக்கிறது. ஆனால் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் எந்தப் பாட்டு சொல்வதை நம்பத் தோன்றுகிறது என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. ஆறுதல் சொல்பவருக்கு முடிவு தெரியும். பதினாறில் எழுதியவளுக்குத் தெரியாது, தெரியாமலே பாடியிருக்கிறாள்.

2025 ஜூன் 27 அன்று லார்டின் நான்காவது ஆல்பமான ‘வர்ஜின்’ வெளியானது. அன்றே இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசை விழாவில் முன்னறிவிப்பு இல்லாமல் மேடையேறி, புது ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை பாடினார். கடைசியில் பழைய பாட்டுகளுக்கு வந்தார். ‘மெலோட்ராமா’விலிருந்து ‘க்ரீன் லைட்’ பாடினார், ‘ரிப்ஸ்’ பாடினார். அப்போது அவருக்கு வயது 28. பதினாறு வயதுக்காரிக்கு அவர் எழுதிய பதில் பாட்டு அன்றைய பட்டியலில் இல்லை.